பால் டின் அளவு

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் பல்லாண்டுகள் கொள்ளளவுப் பாடம் நடத்தியவன் நான். மெல்பர்னில் வாழும் என் மகள் ஒருநாள் தொலைபேசியில், “அப்பா, கேசரிக்கு ஒரு டின் ரவை என்று பாட்டி சொல்வார்களே, அது எத்தனை கப்?” என்று கேட்டபோது விடை கூற இயலாது திகைத்தேன். என் தாயாரின் நினைவு நாளில் படைப்பதற்காக அவள் கிண்டிய கேசரி கூழாகிவிட்டதாம்.

விசாரித்தபோது காரணம் புலப்பட்டது. மின்சார அரிசிக்குக்கருடன் வந்த கிண்ணத்தால் ரவையை அளந்திருக்கிறாள். அது ஜப்பானிய வழக்கப்படி 180 மில்லிலிட்டர். நீரையோ ஆஸ்திரேலியக் கப்பால் அளந்திருக்கிறாள், அது 250. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் 540 மில்லிலிட்டர் நீர் போதும். அவள் ஊற்றியதோ 750!

கப் என்னும் சொல் ஒன்றே. கொள்ளளவோ நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லிலிட்டர்; ஆங்கிலேயரின் பழைய அரை பைண்ட் 284. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டிகூட 20 மில்லிலிட்டர். பிற நாடுகள் பலவற்றில் 15. நம் முன்னோர் மட்டும் என்ன, படியை ஊருக்கு ஊர் மாற்றி வைத்தவர்கள்தாமே! ஒரே பாத்திரத்தால் அனைத்தையும் அளந்தால் கேசரிக்குக் கேடில்லை. கேக்குக்கு அது பொருந்தாது. கப் பெரிதானால் மாவு மிகும், முட்டை மிகாது.

மலாயாவில் நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். அது ஆங்கிலேயரின் ஒரு காலன், அதாவது 4.546 லிட்டர். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. ஆயினும் எங்கள் லயத்து அடுப்படியில் பால் டின்னே ஆட்சி செலுத்தியது. 14 அவுன்ஸ் கெட்டிப்பால் இருந்த காலி டின் அது. ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் கொள்ளும். கையைக் கிழிக்காதபடி அதன் விளிம்பைத் தாயார் அம்மிக் குழவியால் தட்டி மழுக்கியிருந்தார்.

தாயார் பால்மரம் வெட்டியவர். மங்கு மங்காக அவர் சேகரித்த பாலை ஸ்டோரில் பிறர் நிறுத்துக் கணக்கெழுதினர். வீட்டில் அளவு அவர் கையில் இருந்தது. சம்பளம் போட்ட வாரத்தில் அரிசி டின்னின் மேல் கோபுரமாக எழும்பும். மாத நடுவில் தலைதட்டி அளப்பார். கடைசி வாரத்தில், தலைதட்டிய பின்னும் ஒரு பிடியை எடுத்து அரிசிப் பானையிலேயே திரும்பப் போடுவார். அப்பிடி அவருடைய பங்கு என்பதை, நான் சம்பாதிக்கத் தொடங்கிய பின்னரே உணர்ந்தேன்.

தோட்ட வீட்டைக் காலி செய்த நாளில், துருவேறியிருந்த அந்த டின்னைக் குப்பையில் எறிந்தவன் நானே. தாயார் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ரவை, சீனி, நீர் மூன்றையும் ஒரே கிண்ணத்தால் அளக்குமாறு மகளிடம் கூறினேன். மறுவாரம் கேசரி நன்றாக வந்ததென்று தெரிவித்தாள். சோறும் பாட்டியின் அளவிலேயே வடிக்க வேண்டும் என்ற ஆவல் அவளுக்கு.

“ஒரு டின் அரிசி எத்தனை பேருக்குக் காணும், அப்பா?”

மாதத்தில் எந்த வாரம் என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. அதைச் சொல்லி முடிக்க அன்று நெடுநேரம் ஆயிற்று.