கேபிள்காரர் எழுதிய கட்டுரைகள்

எழுதியதற்குக் காசு வராதவர்கள் வக்கீல் ஆபீஸ் படி ஏறுவது அபூர்வம். பாக்கி பத்தாயிரமோ இருபதாயிரமோ இருக்கும். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, 'போகட்டும்' என்று விட்டுவிடுவார்கள். பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அதனால் 2022-இல் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையை ஒட்டிய என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

சேலையூர்ப் பக்கம் ஒரு கேபிள் டிவி கன்ட்ரோல் ரூமில் பல வருஷம் வேலை பார்த்தவர். மொட்டை மாடி டிஷ், ஆம்ப்ளிஃபையர், கம்பத்துக்குக் கம்பம் இழுத்த ஒயர் என்று ஆரம்பித்து செட்-டாப் பாக்ஸ் காலம் வரை எல்லாவற்றையும் கையால் தொட்டவர். பாலிடெக்னிக் படிப்பு, சொந்தமாகப் பழகிக்கொண்ட ஆங்கிலம். வடக்கே ஒரு நகரத்திலிருந்து வரும் டிஜிட்டல் மீடியா தொழில் இதழுக்கு மாதாமாதம் எழுதிவந்தார். கேபிள், பிராட்பேண்ட், ஓடிடி, எல்.இ.டி. விளம்பரத் திரை என்று தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும் படிக்கும் பத்திரிகை. பெட்டிக்கடையில் தொங்காது, சந்தாவும் விளம்பரமும்தான் வருமானம். இந்த மாதிரி இதழ்களில் ஆபீசில் இருப்பது நாலைந்து பேர்தான். களத்தில் நிற்கிறவர்களிடம் எழுதி வாங்கித்தான் பக்கம் நிரம்பும்.

எழுத விஷயமும் நிறைய இருந்த காலம் அது. 2019 பிப்ரவரி 1 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கேபிள் கட்டண முறை அமலுக்கு வந்தது நினைவிருக்கலாம். 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலுக்குத் தனித்தனி விலை. சன் டிவி வேண்டுமா, ஸ்டார் விஜய் வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு பேப்பரும் பேனாவுமாக ஆபரேட்டர்கள் அலைந்தார்கள். அந்த 130-இல் ஆபரேட்டருக்கு எவ்வளவு, மேலே இருந்து சிக்னல் தரும் எம்.எஸ்.ஓ. நிறுவனத்துக்கு எவ்வளவு, சந்தாதாரர் பாதி மாதத்தில் சேனலை மாற்றினால் பில் எப்படிப் போடுவது என்று நம்மாள் எழுதிய கட்டுரையை, அதிகாரிகளின் சுற்றறிக்கை புரியாத ஆபரேட்டர்கள் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்களாம். நான் படித்துப் பார்த்தேன். கணக்கு தெரியாத வக்கீலுக்கே புரிந்தது.

கட்டுரைக்கு 6,000 ரூபாய் என்று பேச்சு. ஆரம்பத்தில் ஒழுங்காக வந்த பணம் 2018-இல் நின்றது. 'அக்கவுன்ட்ஸில் இருக்கிறது', 'அடுத்த மாதம் போட்டுவிடுகிறோம்' என்ற பதில்களை நம்பி மேலும் எழுதினார். 2019 மார்ச்சில் நிறுத்தியபோது 12 கட்டுரைகளுக்குப் பாக்கி, 72,000 ரூபாய். பிறகு கொரோனா.

"மூணு வருஷம் தாண்டிடுச்சு சார், இனிமே கேக்க முடியாதுன்னு சொல்றாங்க" என்றார்.

சொன்னவர் பாதி சரி. சொல்லி வாங்கிய வேலைக்குக் கூலி கேட்க காலவரையறைச் சட்டத்தின் 18-வது இனம் மூன்று வருஷம்தான் தருகிறது. வேலை முடிந்த நாளிலிருந்து அது ஓட ஆரம்பிக்கும், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாக. ஆனால் கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10-ஆம் தேதி உத்தரவு போட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் இனாம். அவர் கேஸ் உயிரோடு இருந்தது. எத்தனையோ பேர் இந்த உத்தரவு தெரியாமலே பாக்கியைக் கை கழுவினார்கள்.

அடுத்த கேள்வி ஆதாரம். ஒப்பந்தம் உண்டா? இல்லை. கட்டணத்தை எழுதிக் கொடுத்த கடிதம்? எல்லாம் ஃபோனில் பேசியது. கட்டுரை அனுப்பிய மின்னஞ்சல்கள் இருந்தன. அவற்றை அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழோடு தாக்கல் செய்துவிடலாம். ஆனால் அவை கட்டுரை போனதைக் காட்டுமே தவிர, 6,000 ரூபாய் என்று பேசியதைக் காட்டாது. நோட்டீஸ் அனுப்பினோம். பதில் நான் எதிர்பார்த்ததுதான்: அவராக விரும்பி எழுதினார், அவர் பெயர் வெளியில் தெரியட்டும் என்று போட்டோம், கட்டணம் எதுவும் பேசவில்லை.

அந்தப் பதில் வந்த அன்று சாயந்திரம் என் ஜூனியர், "சார், இவரோட 26ஏஎஸ் பார்த்தோமா?" என்றாள். நம் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டும் வருமான வரித் துறைப் படிவம் அது. சம்பளக்காரர்கள் பார்ப்பதுண்டு. இவர் வரி வரம்புக்குக் கீழே என்பதால், பணம் நின்ற அந்த வருஷம் ரிட்டர்னே போடவில்லை. பான் எண்ணை வைத்துக் கணக்கைத் திறந்தோம். ஓ.டி.பி. அவருடைய பழைய நம்பருக்குப் போய், அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம். கடைசியில் 2018-19 நிதியாண்டுப் பக்கம் வந்தது. இதழை நடத்தும் நிறுவனத்தின் பெயர். பிரிவு 194ஜே. தேதி 31 மார்ச் 2019. கொடுத்த அல்லது வரவு வைத்த தொகை 72,000. பிடித்த வரி 7,200.

படித்துவிட்டு அவர் பேசவே இல்லை. "இவ்ளோ நாளா இது இங்கேயே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். தொழில்முறைக் கட்டணத்துக்கு வரி பிடிக்க வேண்டிய நேரம், பணத்தைக் கொடுக்கும்போதோ கணக்கில் வரவு வைக்கும்போதோ, எது முந்துகிறதோ அது. வருஷக் கடைசியில் ஆடிட்டர் செலவுகளை எழுதும்போது இவர் கட்டணத்தையும் செலவாக எழுதியிருக்கிறார். வரி பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வருமான வரித் துறை ஒத்துக்கொள்ளாது. ஆகவே 10 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டியும்விட்டார்கள். மீதி 64,800 மட்டும் எழுதியவருக்குப் போகவில்லை. அரசாங்கத்திடம் 'இவருக்கு இவ்வளவு தர வேண்டும்' என்று கணக்குக் காட்டி வரிச் சலுகை வாங்கிய அதே கம்பெனி, என்னிடம் 'கட்டணமே பேசவில்லை' என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் எதிர்த்தரப்பு இவ்வளவு சுத்தமாக நமக்கு எழுதிக் கொடுத்த ஆவணம் வேறு நினைவில் இல்லை. 64,800-க்கும் வட்டிக்கும் தாம்பரம் கோர்ட்டில் பிராது தயாரானது. தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம்தான், முன்பு ஏழரை.

எழுதிய காலத்திலேயே சிறு தொழில் பதிவு இருந்திருந்தால் இன்னும் சுலபம். சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. ஆனால் வேலை முடிந்த பிறகு பதிவு செய்துகொண்டு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழி எங்களுக்கு மூடிய வழி.

கையெழுத்து வாங்கி முடித்து, அவர் எழுந்து கிளம்பும்போதுதான் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, "இதையும் ஒரு தடவை பாருங்க சார், இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனைக்கிறேன்" என்று வைத்தார். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த ஒரு தொழில் கண்காட்சியில் வாங்கியது. கேபிள் ஆபரேட்டர்களுக்கான கையேடு, வெளியீடு அதே நிறுவனம். புரட்டினேன். 153 ரூபாய் 40 காசுக் கணக்கு, அதே அட்டவணை, அதே உதாரணம். ஒரு உதாரணத்தில் வந்த கற்பனைச் சந்தாதாரர் கேம்ப் ரோட்டில் குடியிருந்தார். வடக்கே இருக்கிற ஆசிரியர் குழுவுக்குச் சேலையூர் கேம்ப் ரோடு எப்படித் தெரியும்? ஆனால் முதல் பக்கத்தில் போட்டிருந்தது 'ஆசிரியர் குழு'. நம்மாள் பெயர் எங்கேயும் இல்லை.

உட்காரச் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்தது 64,800-ஐ விடப் பெரிய வழக்கு.

காசு கொடுத்து எழுதச் சொன்னால் கட்டுரை பத்திரிகைக்குச் சொந்தம் என்று பத்திரிகைக்காரர்களும் நம்புகிறார்கள், எழுதுகிறவர்களும் நம்புகிறார்கள். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன ஃபோட்டோ, வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன சினிமா ஆகியவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்குச் சொந்தம். கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை. அதைவிட வேடிக்கை, பத்திரிகையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நிருபர் எழுதியதில்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும்தான் முதலாளிக்கு. புத்தகமாகப் போடும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். 17-வது பிரிவை நிதானமாகப் படித்தால் தெரியும். சம்பளக்காரருக்கே இப்படி என்றால் வெளியிலிருந்து எழுதுகிறவருக்குக் கேட்க வேண்டியதில்லை. உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும்; எத்தனை வருஷம் என்று சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், எந்த ஊர் என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். இது 19-வது பிரிவு. எழுதியவர் பெயரை எடுத்தது 57-வது பிரிவில் தனிக் குற்றச்சாட்டு.

அமெரிக்காவில் இதே சண்டையைச் சுயேச்சை எழுத்தாளர்கள் நியூயார்க் டைம்ஸோடு போட்டார்கள். அச்சில் வந்த கட்டுரைகளைக் கேட்காமல் லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற மின்தொகுப்புகளுக்குக் கொடுத்தது தவறு என்று 2001 ஜூன் 25-ஆம் தேதி ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாசினி வழக்கு என்பார்கள். பத்திரிகைகள் அதன் பிறகு என்ன செய்தன? எல்லா உரிமையையும் எழுதிக் கொடு என்று புதிதாக ஒப்பந்தம் அடித்து நீட்டின. நம் ஊர்ப் பத்திரிகைகள் பலவற்றுக்கு அந்தக் காகிதத்தை அடிக்கும் அக்கறைகூட இல்லை. அதுவே எங்களுக்கு அனுகூலம்.

எதிர்த்தரப்பு நினைத்தது, தாம்பரத்து ஆள் வடக்கே வந்து வழக்காட மாட்டார் என்று. ஆனால் பதிப்புரிமை வழக்கை வாதி குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும் என்கிறது 62-வது பிரிவு. எங்கள் மாவட்டக் கோர்ட் செங்கல்பட்டு. அவர் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் போதும். அவர்கள்தான் விமானம் ஏற வேண்டும்.

"போலீஸ்ல கொடுக்கலாமா சார்?" என்று கேட்டார். கொடுத்திருக்கலாம். பதிப்புரிமை மீறல், வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று நிட் புரோ வழக்கில் அந்த 2022 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தாம்பரத்துக்கென்று தனி போலீஸ் கமிஷனரேட்டும் வந்திருந்தது. நான் வேண்டாம் என்றேன். ஜெயிலைக் காட்டி வாங்கும் சமரசம் நிலைக்காது. தவிர, இவருக்கு மறுபடியும் எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தது.

தாம்பரம் வழக்கின் சம்மனும் செங்கல்பட்டில் போடப்போகும் பிராதின் நகலும் சேர்ந்து போனதும் எதிர்த்தரப்பு வக்கீல் ஃபோனில் வந்தார். நல்ல வக்கீல். அவரிடமும் ஒரு துருப்பு இருந்தது: முன்பு காசு வந்த கட்டுரைகளுக்கு இவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வவுச்சர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'சகல உரிமைகளும் வெளியீட்டாளருக்கே' என்று ஒரு வரி. எந்தக் கட்டுரை, எந்த உரிமை என்று குறிப்பிடாத அந்த வரி செல்லாது என்பது என் வாதம். கையெழுத்து கையெழுத்துதான் என்பது அவர் வாதம். அந்தப் பழைய கட்டுரைகளைப் பொறுத்தவரை அவர் நிலையும் பலவீனமில்லை. காசு வராத 12 கட்டுரைகளுக்கு வவுச்சரே கிடையாது. கையேட்டில் போட்ட கேபிள் கட்டணக் கட்டுரை அந்த 12-இல் ஒன்று. காசு கொடுக்காததால் கம்பெனி இழந்தது அந்தக் கையெழுத்தை.

முடிவில் 64,800 வட்டியோடு வந்தது. கையேட்டுக்குத் தனியாக ஒரு தொகை தந்தார்கள். விற்காத பிரதிகளில் அவர் பெயரை ஒட்டி விற்றார்கள். அடுத்த பதிப்புக்கு இரண்டு பக்க ஒப்பந்தம்: ஆங்கில அச்சுப் புத்தகம் மட்டும், ஐந்து வருஷம், இணைய உரிமையும் தமிழ் மொழிபெயர்ப்பு உரிமையும் எழுதியவரிடம். சமரசத்தில் முடிந்ததால் கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைத்தது.

வவுச்சரின் பின்பக்க வரி செல்லுமா என்பதை எந்த நீதிபதியும் தீர்மானிக்கவில்லை. இரண்டு தரப்பும் அதைப் பேசாமலே விட்டுவிட்டோம். ஆகவே இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள், வவுச்சர் வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். அப்படியே வருஷத்துக்கு ஒரு தடவை 26ஏஎஸ்-ஐயும் திறந்து பாருங்கள்.