பானைக்கு ஒரு படம்

தெய்வங்களுக்கும் தேசத் தலைவர்களுக்கும் படம் மாட்டுவது நம் வீடுகளில் வழக்கம். சமையலறை மூலையில் இருக்கும் தண்ணீர்ப் பானைக்கும் படம் உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. கடம்பத்தூரில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் அத்தகைய நீர்வர்ணச் சித்திரம் ஒன்றைக் கண்டு மகிழ்ந்தோம். எழுதியவர் அவருடைய குமாரி. சித்திரக்கலை பயிலும் மாணவி.

பிரிமணைமேல் ஒரு பானை. அதை மூடிய தட்டின்மேல் ஒரு பித்தளை டம்ளர். படத்தில் இவ்வளவுதான். ஆயினும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. பானையின் கழுத்து சக்கரத்தில் சுழன்று உருவானது; வட்டம் பிசகாமல் இருக்கிறது. வயிறு அப்படியன்று. சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானையைச் சற்றே உலர்த்தி, உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டியே குயவர் அடிப்பாகத்தை மூடுகிறார். அந்தத் தட்டின் தழும்புகள் மெல்லிய நிழல்களாகப் படத்தில் தெரிகின்றன.

சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது உஷ்ணத்தையும் கொண்டு போகிறது. அதனாலேயே சித்திரை வெயிலிலும் பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. இந்தக் கசிவை எழுத நீர்வர்ணத்தைவிடப் பொருத்தமான சாதனம் ஏது? ஈரக் காகிதத்தில் வர்ணமும் தானே ஊறிப் பரவுகிறதல்லவா? டம்ளரின் பளபளப்புக்கோ வர்ணமே செலவாகவில்லை; வெள்ளைக் காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறார் அந்தப் பெண்.

எளிய வாழ்வைச் சித்திரத்துக்கு உரியதாகக் கொள்வது நம் தேசத்துக்குப் புதிதன்று. 1938-ல் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, மகாத்மாவின் விருப்பப்படி நந்தலால் போஸ் எழுதிய படங்களில் கிராமத்து ஜனங்களும் அவர்களுடைய தொழில்களுமே நிறைந்திருந்தன.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவர் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்ததாக நண்பர் சொன்னார். "பானைக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டோம். அவர் மனைவி சிரித்தார்.

"பத்து ரூபாய் குறைத்துத்தான் வாங்கினேன். ஆனால் அது இவள் படம் எழுதுவதற்கு முன்னால். இந்தக் கோடையில் வாங்கிய பானைக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டேன்" என்றார்.

தழும்புகளின் அருமை கண்ணில் பட்டபின் பேரம் பேச வாய் வரவில்லை போலும்! சித்திரத்துக்கு இதைவிடச் சிறந்த பரிசை எந்தச் சபையும் அளிக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம்.