லோடு வண்டியும் உப்புக்காற்றும்: சில குறிப்புகள்

தூத்துக்குடியில் ஒரு லோடு வண்டியின் வயதை அறிய ஆர்.சி. புக் வேண்டாம். கதவின் அடி விளிம்பைப் பார்த்தால் போதும். பெயிண்ட் கொப்புளம் கட்டியிருக்கிறதா? விரலால் அழுத்தினால் பொரபொரவென்று உதிர்கிறதா? மதுரைப் பக்கம் பத்து வருடம் ஓடிய வண்டி கட்டுக்குலையாமல் நிற்கும். முள்ளக்காட்டிலும் பழையகாயலிலும் உப்பு ஏற்றிய வண்டிக்கு அந்த வயதில் பாடியின் ஓட்டை வழியே ரோடு தெரியும். வண்டி கழுவுவதைப் பற்றி நான் குறித்து வைப்பதெல்லாம் இதற்காகத்தான். மினுமினுப்பு அப்புறம்.

*

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானே நீர்த்துக் கசியும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். அதனால் கடற்காற்றில் வந்து சேஸிஸ்மேல் படியும் உப்பு, நண்பகலில்கூட முழுதாகக் காய்வதில்லை. இரும்பின்மேல் எந்நேரமும் ஓர் ஈரப்படலம் இருக்கிறது. துருவுக்கு அது போதும். உப்பளத்தில் உப்பு வாரியபின் நஞ்சோடை என்று ஒதுக்குகிற கசப்புத் தண்ணீரில் இந்த மெக்னீசியம்தான் மிகுந்திருக்கும். அளத்துக்குள் போய்வரும் வண்டியின் சக்கரம் அதையும் வாரி அடிக்கிறது.

*

அடுத்த கேள்வி தண்ணீர். இங்கே பல தெருக்களில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் வண்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டால், நீக்கிய உப்புக்குப் பதில் புது உப்பைப் பூசியதாக ஆகும். பானெட்டில் தெரியும் வெள்ளை வட்டங்கள் அதன் அடையாளம். தாமிரபரணித் தண்ணீரோ குழாயில் குடிக்க வருவது. அதை ஹோஸில் திறந்துவிட்டு நிற்க எனக்கு மனம் வராது, யாருக்கும் வரவும் கூடாது.

நான் கண்ட வழி இது. சேறும் கரியும் இறங்கப் போர்த் தண்ணீரே போதும். அது காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரில் கடைசி அலசல். அதற்கு வயலில் மருந்தடிக்கிற முதுகு டேங்க் போல உதவுவது வேறில்லை (இதற்கென்றே தனி டேங்க் வைத்துக்கொள்ள வேண்டும், மருந்து தொட்டது ஆகாது). ஒரு டேங்க் 16 லிட்டர். அதன் நுனிக் குழாய் வாளியால் எட்டமுடியாத இடுக்குக்கெல்லாம் போகும். கண்ணாடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். அதில் உப்பு அநேகமாக இல்லை, கறை விழாது.

*

எங்கள் பக்கத்து டிங்கரிங் பட்டறைக்காரர் சொன்னது: “மேல மினுக்குனா போதுமா அண்ணாச்சி? குனிஞ்சு கீழ பாருங்க. வண்டி சாவுறது கீழ இருந்துதான்.”

ஆகவே கீழிருந்து தொடங்குவது. மட்கார்டின் உள்விளிம்பு, ஸ்பிரிங் பட்டைகளின் நடுவே, சேஸிஸும் பாடியும் சேரும் இடுக்கு, பின்கதவின் கீல், கதவடியில் உள்ள சின்ன வடிகால் துளைகள். அந்தத் துளையில் மண் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நிற்கும். கொப்புளம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்தது. இதையெல்லாம் முடித்தபிறகு மேலே போனால், கீழே கழுவிய கறுப்புத் தண்ணீர் சுத்தமான பாடியில் தெறிக்காது என்பது கூடுதல் லாபம்.

*

பவுடர் சோப்பு வேண்டாம். அதன் காரம் பூசிய மெழுகை எடுத்துவிடும், ரப்பரையும் வெளுக்கும். ஓட்டுநர்கள் ஒரு பாக்கெட் தலைக்குப் போடும் ஷாம்பூவை வாளியில் கரைக்கிறார்கள். பவுடரோடு பார்த்தால் அது எவ்வளவோ மேல், காரம் இல்லை. பாக்கெட் ஷாம்பூ நம் கடலூர்க்காரர்கள் பரப்பியதுதான். வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூ இன்னும் நல்லது. துணியை வழவழப்பாக நழுவவிட்டு, மண் தேய்க்காமல் காக்கும்.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் நுரை, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி நுரையில் முக்க வேண்டும். இந்த ஊரில் இதைக் கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. அனல்மின் நிலையத்தின் சாம்பல், துறைமுகத்து நிலக்கரித் தூள், ஆடி மாத மேல்காற்றில் தேரிக்காட்டிலிருந்து கிளம்பும் செம்மண். மூன்றும் வண்டிமேல் சேர்ந்து படிகின்றன. சாம்பலில் சிலிக்கா, தேரி மணலில் குவார்ட்ஸ்; இரண்டும் பெயிண்டைவிடக் கடினம். காலையில் உலர்ந்த துணியால் ஓங்கித் துடைத்துவிட்டுப் புறப்படுகிற வழக்கம் வண்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். தண்ணீர் விட நேரமில்லை என்றால் தூசியோடே போகட்டும்.

திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சரி. அதன் தையல் விளிம்பு பெயிண்டில் கோடு போடும். மேலே மைக்ரோஃபைபர்தான்.

*

மீன் வண்டிக்குத் தனிக் குறிப்பு. விசைப்படகுகள் கரைசேர இரவாகும். ஏலம் முடிந்து, ஐஸ் அடித்து, பெட்டி ஏற்றி, வண்டி ராத்திரியோடு கிளம்பும். வழியெல்லாம் ஐஸ் உருகி, உப்பும் ரத்தமும் செதிலும் கலந்த தண்ணீர் தளத்தில் ஓடும். இறக்கிய உடனே கழுவ வேண்டும், பச்சைத் தண்ணீரில். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் உறைந்து பிடித்துக்கொள்ளும். நாற்றம் போகப் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். அதிலும் குளோரின், இரும்பை அரிக்கும். தூவினால் நன்றாக அலசியே ஆக வேண்டும். நாற்றத்துக்கு ஆப்பசோடாவைக் கரைத்துத் தேய்த்துவிட்டு அலசுவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

*

வாட்டர் சர்வீஸில் கழுவியதும் அடியில் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து அடிப்பார்கள். கறுப்பாக, பார்க்கப் புதுசாக இருக்கும். கொஞ்ச நாள் தண்ணீரையும் தள்ளும். ஆனால் ஆயில் பட்ட ரப்பர் புஷ் ஊறிப் பருத்துக் கெடும். பிரேக்கில் பட்டால் ஆபத்து. மிச்சம் சாக்கடை வழியே எங்கே போகும் என்று கடற்கரைக்காரருக்குச் சொல்ல வேண்டாம். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். கிரீஸ் அடிப்பது மட்டும் கழுவியபின் அவசியம். பின்களுக்குள் புகுந்த தண்ணீரை அதுதான் வெளியே தள்ளும்.

*

மெழுகு. நல்ல மெழுகில் சேர்வது கார்னோபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் பனையின் ஓலைமேல் தானாகப் படர்வது. வறண்ட காற்றில் ஓலை நீரை இழக்காமலிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆகவே நம் சித்திரை வெயிலில் நிற்கும் பானெட்டிலும் வழியாது. உடன்குடிப் பனையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இன்னொரு கடலோரத்துப் பனை இங்கே வண்டியைக் காக்கிறது என்பதில் தனி சந்தோஷம்.

நிழலில், ஆறிய தகரத்தில், மெல்லிசாக. தடித்துப் பூசினால் வீண். உழைக்கும் வண்டியில் முழு உடம்புக்கும் பூச நேரமில்லையென்றால் நான் தேர்ந்தெடுப்பது கதவின் அடிப்பாதி, பின்கதவு விளிம்பு, கண்ணாடிச் சட்டத்தின் ஓரம். உப்பு தங்குவது அங்கே.

பாலிஷுக்கு முன் ஒரு சோதனை. மூலையில் தேய்த்ததும் துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் மேலே கிளியர் கோட் இல்லை. அழுத்தித் தேய்த்தால் பெயிண்டே போகும். கிளியர் கோட் இருந்தாலும் அதன் கனம் 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லியது.

*

முத்துக்குளித்துறையில் இப்போது முத்து நிற வண்டிகள்! தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். ‘பியர்ல் ஒயிட்’ பெயிண்டில் முத்து ஏதும் கிடையாது. டைட்டானியம் ஆக்சைடு பூசிய மைக்காத் துகள்கள். ஆனால் செயலும் அழகும் ஒன்றே. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் பளபளப்பு இரண்டுக்கும் பொது. அமிலம் இரண்டுக்கும் பகை. காக்கை எச்சம் பட்டால் அன்றே ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுக்கவும்.

*

‘பனிமய மாதா துணை’, ‘செந்தூர் முருகன் துணை’, ‘அய்யா துணை’. கையால் எழுதிய எழுத்துமேல் பாலிஷ் மெஷினோ தின்னரோ படக்கூடாது. அந்த ஓவியர்கள் குறைந்துவிட்டார்கள். அழிந்தால் ஸ்டிக்கர்தான் வரும். ஆயுத பூஜை முடிந்த மறுநாளே சந்தனம், குங்குமத்தை நிறையத் தண்ணீர் விட்டு இறக்குவதும் மரியாதைக்குக் குறைவில்லை. வெயிலில் விட்டால் வெள்ளைப் பெயிண்டில் சாயம் ஏறிவிடும்.

*

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வெள்ளம் வடிந்தபின் தெருவில் நின்ற வண்டிகளை எல்லோரும் மேலே கழுவிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். வண்டல் இருந்தது உள்ளே. பிரேக் டிரம்மில், கதவு அறைகளில், இருக்கைக்கடியில், வயர் கனெக்டர்களில். முங்கிய வண்டிக்கு முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பிறகு டிரம்களைத் திறந்து கழுவி, எல்லா ஆயிலையும் பார்க்க வேண்டும். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க இதைத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். லோனில் வாங்கிய எத்தனையோ ‘குட்டியானை’ வண்டிகள் அந்த வண்டலோடு வீணாகிவிட்டன.

*

எஃப்.சி.க்கு முன் அவசரப் பெயிண்ட். வண்டிக்கு எட்டு வயது வரை இந்தத் தகுதிச் சான்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். துருமேல் பட்டி பார்த்து, அதன்மேல் கறுப்பு அடித்துக் கொண்டு போகிறார்கள். அடியில் உப்பு இருந்தால் பூச்சின் வழியாகவே ஈரத்தை இழுக்கும். சில மாதத்தில் கொப்புளம். கப்பலுக்குப் பூச்சு அடிக்குமுன் இரும்பின்மேல் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். நமக்கு அளவு கருவி வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும். நல்ல தண்ணீர் அலசல், காய்ச்சல், கம்பி பிரஷ், மறுபடி அலசல், காய்ச்சல், ரெட் ஆக்சைடு, அதன்பிறகே கறுப்பு.

*

இதற்கெல்லாம் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் பழுதுபார்ப்பும் பெயிண்டுமாகக் கிடக்கும். மீன் வண்டிகளுக்கும் வேலை குறைவு. வெயில் கடுமை, ஆகவே கழுவியது சீக்கிரம் காயும். மெழுகு மட்டும் காலை ஏழு மணிக்குள். ஜூன் முதல் வாரத்துக்குள் அடிப் பூச்சை முடித்துவிட்டால், வண்டி மறுபடி ஐஸ் தண்ணீரைச் சுமக்குமுன் பெயிண்ட் முழுதாக இறுக ஒரு வாரம் கிடைக்கும். ரெட் ஆக்சைடை ஏப்ரலிலேயே வாங்கிவிடுவது நல்லது, படகுக்காரர்களும் அதே கடைக்குத்தான் வருவார்கள்.