பழகாத வண்டி

வயது முதிர்ந்தபின் ஒரு கலையைக் கற்கப் புகுவது நமக்குப் புதியதன்று. கூஃபா நகரத்து இலக்கணப் பேரறிஞர் அல்-கிஸாயீ (ஹிஜ்ரி 189இல் மறைந்தவர்) வயது ஏறிய பின்னரே இலக்கணம் பயிலத் தொடங்கினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆயினும், ஐம்பதைக் கடந்த மதரஸா ஆசிரியர் ஒருவர் கார் ஓட்டப் பழகுகிறார் என்றால் தாம்பரத்துத் தேநீர்க் கடைகளில் அது ஒரு செய்திதான்.

நமக்கு வயது 57. சேலையூரில் குடியிருக்கிறோம். நம் துணைவியாருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததால் வாரம் மூன்று நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ் நடைபெறுகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்து எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். அந்நிலையில் ஆட்டோவில் ஏறுவதும் மேடு பள்ளங்களில் குலுங்குவதும் அவருக்குப் பெருந்துன்பம். மகன் ரியாதில் பணிபுரிகிறான். அவன் வாங்கிய கார் நம் வாசலில் நின்றது. மருமகளுக்குப் பள்ளி விடுமுறையாக இருக்கும் நாள்களில் மட்டும் அவரே மாமியாரை அதில் அழைத்துச் செல்வார். இப்போது அவருக்கும் கணவனிடம் செல்ல விசா வந்துவிட்டது. இனி அந்த வண்டியைத் தொட வீட்டில் நம்மைத் தவிர ஆளில்லை.

ஆகவே பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தோம். நாற்பதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே தேர்வு. அதிலும் தேறினோம். 55 வயதைத் தாண்டியவர்க்கு உரிமம் ஐந்தாண்டுக்கே செல்லும் என்பது மட்டும் சற்றே உறுத்தியது!

பள்ளியின் வண்டியில் நாம் துணிவுடன்தான் ஓட்டினோம். அந்தத் துணிவின் மூலம் எதுவென்று கடைசி நாளில் பயிற்சியாளரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "பாய், உங்க தைரியத்துல பாதி என் காலடியில இருக்கு." பயிற்சி வண்டிகளில் ஆசிரியர் அமரும் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் மிதிகள் உண்டு. மகனின் காரில் அமர்ந்தபோது அச்சொல்லின் பொருள் முழுவதும் விளங்கியது. இடப்பக்கத்தில் மிதிகள் இல்லை. கிளட்ச் வேறோர் உயரத்தில் பிடித்தது. பின்கியர் பழைய வண்டியில் வலப்புறக் கீழ்மூலையில் இருந்தது. இதிலோ இடப்புற மேல்மூலையில், அதுவும் ஒரு வளையத்தைத் தூக்கினால்தான் விழும். பானட்டின் முனை கண்ணுக்கே தெரியவில்லை. கையிலே உரிமம் இருந்தது; நெஞ்சிலே நம்பிக்கை இல்லை.

இந்நிலையை நாம் வேறோர் இடத்தில் கண்டிருக்கிறோம். நம் நாட்டு அச்சில் குர்ஆன் ஓதிப் பழகிய பிள்ளையிடம் மதீனா அச்சுப் பிரதியைக் கொடுத்துப் பாருங்கள். அதே இறைவசனம்தான். ஆனால் சுகூன் குறியின் வடிவம் வேறு. அலிபின் மேல் ஹம்ஸு தனியாக எழுதப்பட்டிருக்கும். தங்குதடையின்றி ஓதிய பிள்ளை எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத் தடுமாறும். "பயப்படாமல் ஓது" என்று அதட்டும் உஸ்தாதும் உண்டு. அதட்டலால் எந்தப் பிள்ளையும் ஓதியதில்லை. குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தால் சில நாள்களில் ஓதிவிடும். கார் விஷயத்திலும் "தைரியமாக ஓட்டுங்கள்" என்று நமக்கு உபதேசித்தோர் பலர். பாடம் நடத்தியவர் மருமகள் ஒருவரே.

புறப்படுவதற்கு முந்திய பத்து நாள்களை அவர் நமக்கென்று ஒதுக்கினார். முதல் நாள் எஞ்சினையே இயக்க விடவில்லை. கிளட்ச்சை முழுதும் அழுத்தும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்குமாறு இருக்கையை நகர்த்தி, பின் மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்யச் சொன்னார். "மாமா, இப்போ கண்ணை மூடிக்கிட்டு வைப்பரைப் போடுங்க, விளக்கைப் போடுங்க, ரிவர்ஸ் கியர் போடுங்க" என்றார். நாற்பது பிள்ளைகளை மனனம் செய்ய வைத்த நாம் அன்று மனனம் செய்தோம். மறுநாள் சுபுஹுக்குப் பிறகு ஒரு வெற்று மைதானத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டு, வண்டி எந்த இடத்தில் நகரத் துடிக்கிறது என்று காலுக்குக் கற்பித்தார். முப்பது முறையாவது இருக்கும். அடுத்து, ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, அது பானட்டுக்குப் பின்னே மறையும் வரை முன்னேறச் செய்து, இறங்கி இடைவெளியை அளந்து பார்க்கச் சொன்னார். இந்த ஒரு பயிற்சி நமக்கு அளித்த தெளிவைப் பள்ளியின் பாடம் முழுவதும் அளிக்கவில்லை. மேம்பால ஏற்றத்தில் நின்று புறப்படக் கைப்பிரேக்கின் துணையையும் காட்டினார்.

அவர் இப்போது செல்லும் ஊரில் 2018 ஜூன் 24 வரை பெண்கள் காரோட்ட அனுமதியில்லை. அனுமதி வந்தபின் நடுவயதைக் கடந்த தாய்மாரும் அங்கே பயிற்சிப் பள்ளி சென்றனர். "அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். நானும் அலிஃப், பே-யிலிருந்துதான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லிப் போனார்.

ஜி.எஸ்.டி. சாலையை நாம் கூடுமானவரை தவிர்க்கிறோம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், பண்டிகைக்கு முந்திய இரவுகளில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே அனுபவமிக்க ஓட்டுநர்களே திணறுகிறார்கள். அங்கே போய் வீரம் காட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், அஸ்தினாபுரம் வழியே உள்சாலையில் செல்கிறோம். பின்னால் ஹாரன் அடிப்போர் அடிக்கட்டும். ஓரம் கொடுத்து விடுகிறோம்.

நான்கு மாதங்களாக வாரம் மூன்று நாள். திரும்பும்போது துணைவியார் முன்னிருக்கையைச் சாய்த்துக்கொள்வார். அஸ்தினாபுரத்து வேகத்தடைகளை இரண்டாம் கியரில் ஏற்றி இறக்குகிறோம். சென்ற வாரம் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகும் அவர் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் சற்று நேரம் பக்கத்திலேயே அமர்ந்திருந்தோம்.