கிளாஸ் எழுதத் தெரிந்த பிறகும்

பழைய சி நிரல்களையோ கோபால் (COBOL) நிரல்களையோ வைத்துக் காலம் தள்ளிய ஒரு மென்பொருள் குழு ஜாவாவுக்கு மாறுவதென்று முடிவெடுக்கிறது. பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடுகின்றன. ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பழைய நிரல்தான்; ஃபங்ஷன்களைச் சுற்றி கிளாஸ் என்ற பெயர் மட்டும் புதிதாக ஏறியிருக்கிறது. பயிற்சி போதவில்லை, அவகாசம் இல்லை, மூத்தவர்கள் பழக்கத்தை விட மறுக்கிறார்கள் என்று வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். இவை பொய்யில்லை. ஆனால் பயிற்சியும் அவகாசமும் தாராளமாக இருந்த இடங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. அதற்கான சான்று ஒன்றைப் பிறகு காட்டுகிறேன். கிளாஸ், ஆப்ஜெக்ட் வழியாக எழுதும் இந்தப் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் சொல்லிக்கொடுக்க எளிதான பகுதியை அதன் மையமாக எடுத்துக்கொண்டோம், கடினமான பகுதியைப் பாடத்தில் சேர்க்காமலே விட்டோம் என்பது என் கருத்து.

அந்த எளிதான பகுதிக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. ஒஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஒலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960களில் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலக நடப்புகளைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதற்காகப் பிறந்த மொழி அது. கிளாஸும், ஒரு கிளாஸின் வசதிகளை இன்னொன்று பெற்றுக்கொள்ளும் இன்ஹெரிட்டன்ஸும் சிமுலா 67இலேயே வந்துவிட்டன. சாலைப் போக்குவரத்தைப் பாவனை செய்யும் நிரலில் வாகனத்துக்கு ஒரு கிளாஸ், அதன் வகையாக லாரிக்கு ஒன்று என்று எழுதுவது இயல்பானது. அங்கே நிரலின் வேலையே உலகைப் பிரதி எடுப்பது. பின்னர் சம்பளக் கணக்கு, வங்கி, காப்பீடு என்று இந்த முறை பரவியபோது, உலகில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் எழுது என்ற அறிவுரையும் கூடவே பரவியது. நாய் ஒரு விலங்கு, கார் ஒரு வாகனம் என்று பாடங்கள் இன்றும் தொடங்குகின்றன. சிமுலாவை முனைவர் ஆய்வில் பயன்படுத்திய பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப், பெல் ஆய்வகத்தில் 1979இல் தொடங்கிய வேலை சி++ ஆக வளர்ந்தது. சி மொழியில் எழுதியது பெரும்பாலும் அப்படியே அதிலும் ஓடும் என்பதால் அது வேகமாகப் பரவியது. அதே காரணத்தால், சி-யில் யோசித்தவர் யோசனையை மாற்றிக்கொள்ளாமலே சி++ நிரலாளர் ஆகிவிடவும் முடிந்தது.

கடினமான பகுதியை 1972இலேயே கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். பொருள்நோக்கு மொழிகளைப் பற்றிய கட்டுரை இல்லை அது. ஒரு நிரலை எந்த அடிப்படையில் துண்டுகளாகப் பிரிப்பது என்பதே அதன் கேள்வி. சில வரிகளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லைக் கடைசிக்கு நகர்த்திக்கொண்டே போய், கிடைக்கும் எல்லா வரிகளையும் அகரவரிசையில் அச்சிடும் சிறிய நிரலை அவர் எடுத்துக்கொண்டார். வாங்குவது, சுழற்றுவது, வரிசைப்படுத்துவது, அச்சிடுவது என்று வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது முதல் வழி. யாருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான். ஆனால் எழுத்துகள் நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அப்போது எல்லாத் துண்டுகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கும் முறையை மாற்றினால் அத்தனையையும் திருத்த வேண்டும். இரண்டாவது வழியில், பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவும் ஒரே ஒரு துண்டுக்குள் ஒளிக்கப்படுகிறது. வரிகளைச் சேமிக்கும் முறை ஒரு துண்டுக்கு மட்டும் தெரியும், மற்றவை அதனிடம் கேட்டு வாங்கும். பொருள்நோக்கு முறையின் உயிர் இந்த இரண்டாவது வழியில் இருக்கிறது. இதில் கடினம் என்னவென்றால், எது மாறும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அதற்குத் தொழிலின் விவரம் தெரிந்திருக்க வேண்டும். மொழியின் இலக்கணம் அதைச் சொல்லித் தராது.

மின்கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016இல் வந்த விதி. கற்பனையாக ஒரு நிரலில் ‘இணைப்பு’ என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. பழைய ரீடிங், புதிய ரீடிங், கட்டண வகை மூன்றும் அதற்குள் பிரைவேட், வெளியிலிருந்து நேரே தொட முடியாது; ஒவ்வொன்றுக்கும் மதிப்பை எடுத்துத் தர ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர். தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பில் அச்சிடும் பகுதி மூன்றையும் கெட்டர் வழியாக எடுத்து ஸ்லாப் கணக்கைத் தானே போடுகிறது. இணையத்தில் தொகையைக் காட்டும் பகுதியும் போடுகிறது, நிலுவைப் பட்டியல் தயாரிக்கும் பகுதியும் போடுகிறது. புதிய விதி வந்த அன்று மூன்று இடங்களையும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் பில்லில் ஒரு தொகை, இணையத்தில் வேறு தொகை. கணக்குப் போடும் பொறுப்பு ‘இணைப்பு’க்குள்ளேயே இருந்து, மற்றவை தொகையை மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் ஓரிடத்தில் திருத்தம் முடிந்திருக்கும். இரண்டு நிரல்களிலும் கிளாஸ் இருக்கிறது. ஒன்றில்தான் பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது.

புதியவர்கள்தான் இப்படித் தடுமாறுகிறார்கள் என்று சொல்வது நியாயமில்லை. முன்னர் சொன்ன சான்று இதுதான்: ஜாவாவின் சொந்த நூலகம். 1996இல் வந்த முதல் பதிப்பிலேயே ஸ்டாக் என்ற கிளாஸ், வெக்டர் என்ற கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்கிறது. ஸ்டாக் என்றால் அடுக்கி வைத்த தட்டுகள் மாதிரி, மேலே வைத்து மேலிருந்தே எடுக்க வேண்டும். வெக்டரிலோ எந்த இடத்திலும் செருகலாம், எங்கிருந்தும் உருவலாம். ஆகவே ஜாவாவின் ஸ்டாக்கிலும் நடுவில் கைவிட்டு எடுக்க முடிகிறது. ஸ்டாக்குக்கு வெக்டரின் உள்வசதி தேவைப்பட்டது. அதற்கு ஒரு வெக்டரை உள்ளே வைத்துக்கொண்டாலே போதும். ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸும் அப்படித்தான். எழுத்துச் சரங்களை மட்டும் வைக்க வேண்டிய அது ஹாஷ்டேபிளிலிருந்து பிறந்ததால் எந்த ஆப்ஜெக்ட்டையும் ஏற்றுக்கொள்கிறது. அப்படிச் செய்யாதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. இவற்றை இன்றுவரை திருத்த முடியவில்லை. திருத்தினால் அவற்றை நம்பி எழுதிய நிரல்கள் உடையும். இன்ஹெரிட்டன்ஸ் எழுத ஒரே சொல் போதும், அதை விலக்கப் பல சமயம் வழியே கிடையாது.

இன்ஹெரிட்டன்ஸ் சிமுலாவிலேயே இருந்தது, அதை எப்படி ஓரங்கட்டலாம் என்று கேட்கலாம். ஓரங்கட்டச் சொல்லவில்லை. திரையில் வரும் பட்டன், மெனு, ஜன்னல் போன்றவற்றில் அது அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தாய் கிளாஸ் இருக்கும் இடத்தில் அதிலிருந்து பிறந்த சேய் கிளாஸை வைத்தாலும் நிரல் ஏமாறக் கூடாது என்று கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் அதை எடுத்துரைத்தார். சதுரம் ஒரு செவ்வகம் என்பது கணிதத்தில் சரி. ஆனால் அகலத்தை மட்டும் மாற்றலாம் என்று செவ்வகம் வாக்குக் கொடுத்திருந்தால், சதுரத்தால் அதைக் காப்பாற்ற முடியாது. இந்த நிபந்தனையைச் சொல்லாமல் நாய், விலங்கு உதாரணத்தோடு நிறுத்துவதுதான் கெடுதல். நேர்முகத் தேர்வுகளில் ‘ஊப்ஸ்’ (OOPS) என்று சுருக்கி அழைக்கும் பொருள்நோக்கு முறையின் நான்கு கருத்துகளின் பெயரையும் வரையறையையும் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதும் அதே கெடுதலின் தொடர்ச்சி.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இத்தனை பேருக்கு இத்தனை காலம் பிடிபடவில்லையென்றால் முறையே தவறு, அதன் காலம் முடிந்துவிட்டது. இதில் ஒரு பாதியை ஏற்கிறேன். எண்களை மட்டும் அரைக்கும் நிரலுக்கும், தரவுத்தள அட்டவணையிலிருந்து அறிக்கை எடுக்கும் வேலைக்கும் கிளாஸ் வேண்டாத சுமை. அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு கெட்டராக மாறுவதைத் தவிர அங்கே எதுவும் நடப்பதில்லை. ஆனால் மற்றப் பாதியைச் சான்றுகள் மறுக்கின்றன. லினக்ஸ் கெர்னல் முதன்மையாக சி-யில் எழுதப்பட்டது. ஆயினும் கோப்புகளைக் கையாளும் இடத்தில் ஃபங்ஷன்களுக்கான சுட்டிகளை ஒரு கட்டமைப்பில் வைத்து, எந்த வகைக் கோப்பு என்று மற்றவை அறியாமலே படிக்கவும் எழுதவும் வழி செய்திருக்கிறார்கள். கூகுள் 2009இல் வெளியிட்ட கோ மொழியில் கிளாஸ் இல்லை, இன்ஹெரிட்டன்ஸ் இல்லை. மெதடும் இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. பார்னாஸ் சொன்னது அங்கெல்லாம் உயிரோடிருக்கிறது.

ஐம்பது வரி வகுப்பறை நிரலில் இதன் அவசியத்தை மாணவருக்கு உணர்த்த முடியாது, அதில் மாற எதுவும் இல்லை. வேறொருவர் எழுதிய நிரலைக் கொடுத்து ஒரு விதியை மாற்றச் சொல்ல வேண்டும். எத்தனை இடங்களில் கைவைக்க நேர்ந்தது என்று எண்ணச் சொல்ல வேண்டும். மென்பொருள் வல்லுநர்களான கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹமும் 1989இல் முன்வைத்த அட்டை முறையும் நல்ல பயிற்சி. ஒரு கிளாஸுக்கு ஒரு சிறிய அட்டை. பெயர், பொறுப்புகள், யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது என்ற விவரம் மட்டும் அதில் இருக்கும். பொறுப்புகள் அட்டையில் அடங்கவில்லையென்றால் பிரிக்க வேண்டும் என்று கணினியைத் தொடாமலே தெரிந்துவிடும். பழைய நிரலை வைத்திருக்கும் குழு எல்லாவற்றையும் திரும்ப எழுதத் தேவையில்லை. அந்தப் பெருமுயற்சியில்தான் பலர் களைத்துப்போகிறார்கள். கடந்த சில ஆண்டுகளின் மாற்றப் பதிவுகளை எடுத்து, எந்தக் கோப்புகள் எப்போதும் சேர்ந்தே திருத்தப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் போதும். அந்தக் கோப்புகளுக்கு நடுவே ஒரு முடிவு சிதறிக் கிடக்கிறது. அதை ஒரு கிளாஸுக்குள் கொண்டுவருவது அடுத்த மாத வேலையாக இருக்கலாம்.