பிஞ்சு நகங்கள்

கோலா தெர்லாவில் தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுவது அரிது. ஒருபுறம் காய்கறித் தோட்டங்களும் அவற்றின்மேல் விரித்த நெகிழிக் கூரைகளும். அப்பால் தேயிலைச் சரிவுகள். அதற்கும் மேலே பாசி படர்ந்த மரங்கள். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். கேமரன் மலையின் தேயிலைக்கு ஏறக்குறைய நூறு வயது. போ நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு 1929. காட்டைத் திருத்திக் கொழுந்து வளர்த்த கைகளில் தமிழர் கைகளும் உண்டு. அன்று முதல் காட்டின் விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. விளிம்பில் வாழ்வோரும் அதனோடு நகர்ந்து வந்திருக்கிறார்கள்.

விளிம்பில் வாழ்வோர்க்கு விலங்கினங்களோடு ஓர் இடைவெளி இயல்பாகவே அமைந்திருந்தது. லயன் வீட்டுப் பின்கட்டில் கோழி மேயும், ஆடு கட்டியிருக்கும், வாசலில் நாய் படுத்திருக்கும். அவை வீட்டைச் சேர்ந்தவை. விடியலில் மலைச்சரிவிலிருந்து எழும் சியாமாங் குரங்கின் குரல் காட்டைச் சேர்ந்தது. தொண்டைப் பையை ஊதிக்கொண்டு அது எழுப்பும் ஒலி நெடுந்தொலைவு கேட்கும். கேட்டவர் நின்று கேட்பர். பின் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பர். புலியும் அவ்வாறே பேச்சில் மட்டும் உலவியது. இப்போது அந்தப் பேச்சும் அருகி வருகிறது. 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என மதிப்பிட்டது.

இந்த இடைவெளியைத் தாண்டி ஒரு காட்டுயிர் வீட்டுக்குள் வருவதென்றால், அது பெரும்பாலும் குட்டியாகவே வருகிறது. குட்டியின் முகத்துக்கு ஒரு வல்லமை உண்டு. பெரிய கண், உருண்ட தலை, தடுமாறும் நடை ஆகியவற்றைக் கண்டால் கடின நெஞ்சும் இளகும். இயற்கை தாயின் பொருட்டு அமைத்த அந்தக் கவர்ச்சி, தாயல்லாதவரையும் இழுத்துவிடுகிறது.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோலாலம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி உறுமிய ஒரு கரடிக் குட்டியை அக்கம்பக்கத்தார் படம் பிடித்தனர். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. பெர்ஹிலித்தான் என வழங்கும் வனவிலங்குத் துறையினர் சென்று குட்டியை மீட்டனர். சாலையோரத்தில் மெலிந்து கிடந்ததை இரவில் நாயென்று எண்ணி எடுத்து வந்ததாகவும், காப்பாற்றுவதே தம் நோக்கம் என்றும் அதனை வைத்திருந்தவர் கூறினார். கரடியை நாயென்று கொண்டதை எண்ணி ஊர் சிரித்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போயிற்று. அக்குட்டியின் தாய் எங்கே?

அது சூரியக் கரடி. மார்பில் உதயசூரியன்போல் வெளிர்மஞ்சள் பிறை தாங்கியதால் வந்த பெயர். உலகிலுள்ள எட்டு வகைக் கரடிகளில் இதுவே சிறியது. மலாய் மக்கள் தேன் கரடி என்றும் வழங்குவர். ஒரு சாணுக்கும் மேல் நீளும் நாக்கினால் தேனையும் கறையானையும் துழாவி உண்ணும். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டி. ஈராண்டுக்கும் மேலாக அது தாயின் பின்னாலேயே திரிந்து, எந்த மரத்தில் தேனடை, எந்தக் கட்டையில் புழு, எந்த மாதத்தில் எந்தக் கனி என்று கற்கிறது. அத்தகைய தாய் குட்டியை வழியில் தவறவிட்டுச் செல்வது அரிதினும் அரிது. குட்டி தனித்துக் கிடக்கிறதென்றால், பெரும்பாலும் தாய் கொல்லப்பட்டது என்றே பொருள். பித்தப்பைக்காகவும் பாதங்களுக்காகவும் கரடிகள் கொல்லப்படுகின்றன. உயிரோடு அகப்படும் குட்டி வேட்டையின் உபரி வரவு.

தமிழ் மாணவர்க்குப் பேகன் கதை புதிதன்று. மழைக்கால மயில் அகவியதைக் குளிரால் நடுங்கும் குரல் எனக் கருதித் தன் போர்வையை ஈந்தான். மயிலுக்குப் போர்வை பயன்படாது; அதனாலன்றோ அச்செயல் கொடைமடம் எனப்பட்டது. ஆயினும் அந்த மடமையில் ஓர் ஒழுங்கு இருந்தது. பேகன் போர்வையை விட்டுவிட்டுச் சென்றான். மயிலை எடுத்துச் செல்லவில்லை.

எடுத்துச் சென்று அன்பாக வளர்த்தால் காட்டுக்குணம் மாறிவிடாதா என்று கேட்போர் உண்டு. பழகுதல் வேறு, வீட்டினமாக மாறுதல் வேறு. முன்னது ஓர் உயிரின் வாழ்நாளில் நிகழ்வது. பின்னது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஈன்பித்தாலன்றி நிகழாதது. சோவியத் நாட்டு அறிஞர் பெல்யாயெவ் 1959இல் நரிகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. மனிதரைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சிய நரிகளை மட்டும் தேர்ந்து இனம்பெருக்கிவர, சில தலைமுறைகளுக்குள்ளேயே வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டது பரம்பரை, வெறும் அரவணைப்பு அன்று. நாய் மனிதரோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆயின. யானையோ பல்லாயிரம் மாந்தருக்குப் பணி செய்தும், இன்றளவும் காட்டினமாகவே பிறக்கிறது. பாகனை அறியும், மதம் வந்தால் பாகனையும் அறியாது. அடுக்குமாடியில் பால்புட்டியில் வளர்ந்த கரடிக்கும் நகம் பத்துச் சென்டிமீட்டர் வளரும்; மரத்தைப் பிளக்கும் தாடையும் வலுப்பெறும். அதைக் குற்றமென்று சொல்லல் தகாது. கரடி கரடியாக வளர்கிறது, அவ்வளவே. ஆனால் அதற்காகப் பல்லைப் பிடுங்கியும் நகத்தைக் களைந்தும் வைத்திருப்போர் உண்டு. அன்பு என்னும் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பது விளங்கவில்லை.

விலங்கை அறிந்தவர்க்கும் ஆபத்து நீங்குவதில்லை. பகாங் மாநிலத் தெமர்லோவைச் சேர்ந்த தீயணைப்பு வீரர் அபு சரின் உசேன், நாகங்களை வீட்டில் வைத்து அவற்றின் இயல்பைக் கவனித்துச் சக வீரர்களுக்குப் பாம்பு பிடிக்கும் முறையைக் கற்பித்தவர். அவர் ஒரு பாம்பை மணந்துகொண்டதாக அயல்நாட்டு ஏடுகள் சில கட்டுக்கதை எழுதி மகிழ்ந்தன. அவரோ பாம்பைக் கொஞ்சுவதற்கு வைத்திருந்தவரல்லர், கற்பதற்கு வைத்திருந்தவர். 2018 மார்ச்சில் பெந்தோங்கில் பணியின்போது நாகம் தீண்டி, சில நாளில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அகவை முப்பத்து மூன்று. அத்தனை பயிற்சி பெற்ற கைக்கே அந்நிலை என்றால், விளையாட்டுக்கு வாங்கியவர் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வாங்குவது எளிதாகிவிட்டதே இன்றைய கேடு. முன்னாளில் குட்டி வேண்டுவோர் காட்டோரம் வரவேண்டும். வேடனை அறிந்திருக்க வேண்டும். இம்மலையின் மூத்த குடிகளாகிய ஒராங் அஸ்லி மக்களிடையே, வேட்டையில் தாயிழந்த குரங்குக் குட்டியை எடுத்து வளர்க்கும் வழக்கம் பழமையானது. செமாய் இனத்தாரைப் பற்றி ராபர்ட் டென்டன் 1968இல் வெளியிட்ட நூலில், தாம் வளர்த்த உயிரைத் தாமே கொன்றுண்ண அவர்கள் மனம் ஒப்பாது என்ற செய்தி காணப்படுகிறது. அந்த வழக்கத்தையும் இன்றைய வாணிகத்தையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையன்று. டிராஃபிக் என்னும் வனவிலங்கு வாணிகக் கண்காணிப்பு அமைப்பு, தீபகற்ப மலேசியாவின் பதினான்கு முகநூல் குழுக்களை நாள்தோறும் அரைமணி நேரம் என ஐந்து மாதம் கவனித்து, 2016இல் அறிக்கை வெளியிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட உயிருள்ள காட்டு விலங்குகள் அங்கே விலை கூறப்பட்டிருந்தன. சூரியக் கரடியும் உண்டு. உங்கா என்னும் வாலில்லாக் குரங்கும் உண்டு.

இவ்விரண்டும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்புப் பெற்றவை. 2022இல் வந்த திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. சட்டம் விற்றவனைத் தேடும், வைத்திருப்பவரைப் பிடிக்கும். மீட்கப்பட்ட குட்டி அதற்குப்பின் என்ன ஆகிறது என்பது வேறு கதை.

பகாங்கின் ரவுப் வட்டாரத்தில் உங்காக்களுக்கென ஒரு மறுவாழ்வுத் திட்டம் இயங்குகிறது. தாயைச் சுட்டு வீழ்த்தி, மார்பைப் பற்றியபடியே விழுந்த குட்டியைப் பிரித்தெடுப்பதுதான் உங்கா வாணிகத்தின் வழி. மனித வீட்டில் வளர்ந்த உங்கா தரையில் நடக்கும், சோறு உண்ணும், கைநீட்டித் தூக்கச் சொல்லும். பருவம் எய்தியதும் நீண்ட கோரைப்பல்லால் வளர்த்தவரையே கடிக்கும். அதனிடம் அவ்வளவையும் மறக்கடித்து, கிளைவிட்டுக் கிளை தாவவும், துணையோடு சேர்ந்து பாடவும் பழக்குவதற்கு ஆண்டுகள் பல ஆகின்றன. வளர்த்தவர் ஊட்டிய நெருக்கத்தை மீட்டவர் ஒவ்வொரு நாளும் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

சபாவின் சிப்பிலோக்கில் 2008இல் வோங் சியூ தே நிறுவிய சூரியக் கரடிக் காப்பகத்திலும் இதே உழைப்பு நடக்கிறது. தாயிழந்த குட்டிகள் அங்கே காட்டின் நடுவே மீண்டும் மரம் ஏறக் கற்கின்றன. தேறியவை காட்டுக்குத் திரும்புகின்றன. கூண்டிலேயே நெடுங்காலம் கிடந்து, பல்லையோ நகத்தையோ இழந்து வந்தவை திரும்புவதில்லை. அவற்றுக்கு நாள்தோறும் உணவு வைக்க வேண்டும். மடியில் வைத்துக் கொஞ்சக்கூடிய பருவம் சில மாதங்களே; மனிதப் பராமரிப்பில் சூரியக் கரடி முப்பது ஆண்டுவரை வாழக்கூடும்.