போதும் என்று சொல்லும் பெட்டி

என் தகப்பனார் எனக்கு வைத்துவிட்டுப் போன ஆஸ்தி என்று ஒன்று உண்டென்றால், அது ஒரு மோட்டார் சைக்கிள்தான். பி.எஸ்.ஏ. எம்.20. இரண்டாம் உலக யுத்தத்துக்காக இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய வண்டி. யுத்தம் ஓய்ந்ததும் பட்டாளத்துக்கு வேண்டாமற் போன அவற்றில் ஒன்று, பல கைகள் மாறி, 1974-ல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. வீட்டில் அது என்னைவிட மூத்தது. அப்பா என்னை அதட்டியதுண்டு, அதை அதட்டியதில்லை.

சென்ற மாதம் ஓர் இரவு, காஞ்சீபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் என் பெண். வேகம் ஏற ஏற முன்விளக்கு வழக்கத்துக்கு மேல் பளீரென்று எரிந்தது. "லைட் இன்னிக்கு ஜோரா இருக்குப்பா!" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் அது பொசுக்கென்று அணைந்து போயிற்று.

இந்த வண்டியில் ஒரு விசேஷம். என்ஜினுக்கு வேண்டிய நெருப்புப் பொறியை மாக்னெட்டோ தானே உண்டாக்கிக்கொள்ளும். பாட்டரி செத்தாலும் வண்டி நிற்காது. ஆகவே என்ஜின் பாட்டுக்கு ஓடிற்று. கண் மட்டும் போய்விட்டது. எதிரே வந்த லாரி உரசாத குறையாக எங்களைக் கடந்தது. என் தோளைப் பற்றியிருந்த அவள் விரல்கள் நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் பாயிடம் போனேன். அப்பா காலத்திலிருந்து அந்த வண்டியின் வைத்தியர் அவர்தான். பாட்டரியை முகர்ந்து பார்த்தார்.

"திராவகம் கொதிச்சிருக்கு தம்பி. ரெகுலேட்டர் ஒட்டிக்கிச்சு."

ரெகுலேட்டர் என்பது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதற்குள் இரண்டு மின்காந்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி முனைகள். ஒன்று வாசற்காவலன். டைனமோவின் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்தை மிஞ்சினால்தான் கதவைத் திறப்பான், குறைந்தால் மூடிவிடுவான். இல்லையேல் பாட்டரியின் சக்தி பின்னோக்கி ஓடி டைனமோவையே எரித்துவிடும். மற்றொன்று, டைனமோ அளவுக்கு மிஞ்சி உற்சாகப்படும்போது முனையை விலக்கி, "போதும்" என்று சொல்வது. ஒரு கணத்தில் எத்தனையோ முறை விலகி விலகிச் சேரும். அந்த முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் "போதும்" என்று சொல்ல ஆளில்லை. பல்பு போகும், பாட்டரி கொதிக்கும்.

மாற்று வாங்கப் புறப்பட்டேன். மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பெட்டி. யார் திருகிக் கெடுத்ததோ, தெரியாது. இரண்டாவது, பழைய மாதிரியிலேயே இப்போது செய்கிற புதுப் பெட்டி. மூன்றாவது, அசையும் முனை எதுவுமே இல்லாத எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்.

ஒரு கடைக்காரர், "இது புல்லட்டுக்குப் போடறது ஸார், எதுக்கும் சேரும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். நல்ல வேளை, வாங்கவில்லை. அது ஆல்டர்னேட்டருக்கானது. திசை மாறி மாறி வரும் மின்சாரத்தை நேராக்கி அடக்குவது அதன் வேலை. டைனமோவோ முன்பே நேரான மின்சாரத்தைத்தான் தருகிறது. அதன் ரெகுலேட்டர் உள்ளே இருக்கும் காந்தச் சுருளை அடக்க வேண்டும். இரண்டும் வேறு ஜாதி.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. வண்டி ஆறு வோல்ட்டா, பன்னிரண்டா? பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது? பழைய ஆங்கில வண்டிகளில் சிலவற்றுக்கு நெகடிவ், சிலவற்றுக்குப் பாஸிடிவ். இடையில் வந்த சொந்தக்காரர்கள் மாற்றியிருப்பதும் உண்டு. முனைகள் வைத்த பழைய பெட்டி இதைப் பொருட்படுத்தாது. எலெக்ட்ரானிக் பெட்டியைத் தலைகீழாக இணைத்தால் அந்தக் கணமே ஆயுள் முடிந்தது. எங்கள் வண்டி ஆறு வோல்ட், பாஸிடிவ்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மூன்று நாள் தயங்கினேன். காரணம் மின்சாரம் அல்ல, பாய். பழைய முனைகளைத் தேய்த்து, அளவு பார்த்துத் திருகிவைக்க அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. எலெக்ட்ரானிக் பெட்டியை மாட்டுவது, "இனி நீங்கள் தேவையில்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாகாதா?

சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"புதுசையே போடுங்க தம்பி. போன வருஷம் இதை நான்தான் திருகினேன். கண்ணு சரியாத் தெரியலே. அளவு பார்க்கிற தகடு முனைக்குள்ளே போச்சா, பக்கத்திலே போச்சான்னு தெரியாமலே திருகிட்டேன். அன்னைக்கு நீங்க தப்பினது அல்லா புண்ணியம்."

எனக்குப் பேச்சு எழவில்லை. மூன்று நாளாக நான் அவர் மனம் நோகக் கூடாதே என்று தயங்கினேன். அவரோ என் பெண்ணின் உயிரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புதியதை மாட்டினோம். பழையதைத் தூக்கிப் போடப் போனேன். பாய் கையைப் பிடித்துத் தடுத்தார். "புதுசு கெட்டா வழியிலே ஒண்ணும் பண்ண முடியாது, தூக்கித்தான் எறியணும். இதை உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு வீடு போய்ச் சேரலாம். கத்துக்குங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய பெட்டியை மறுபடி இணைத்து உட்கார்ந்தோம். காவலன் முனைகளுக்கு நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகினார். பாட்டரி விலகி நின்றால்தான் டைனமோவின் உண்மையான அழுத்தம் தெரியும். எட்டு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக அது நிற்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திருகாணி அவர் கையில். மீட்டரைப் பார்க்கும் கண் என்னுடையது.

"ஏழு... ஏழே கால்... ஏழரை..."

அவர் விரல் இம்மி இம்மியாக நகர்ந்தது.

"ஏழே முக்கால், பாய்."

"போதும்" என்றார்.

அந்தப் பெட்டி இப்போது வண்டியின் கருவிப் பெட்டிக்குள், துணியில் சுற்றியபடி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணும் கற்றுக்கொள்ள வருகிறாள்.